கடைசி எபிசோடை நான் மாற்றிச் சொன்னேன்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான். அதனால் படத்துக்குக் கீழே எழுத்து ஓடும் தொடர்களைப் பார்ப்பதில்லை. ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அங்கே இரண்டு கொலை விழுந்துவிடும். தமிழில் பேசினால் பார்ப்பேன். மருமகள் மேட்டுப்பாளையம் கம்பெனி ஒன்றில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள், அதனால் சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்துக்கொள்வேன். எனக்கு அது கஷ்டமில்லை. மில்லில் இருபது வருஷம் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் முகத்தைப் பார்த்தே வம்பு பேசியவள் நான். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் ஒருத்தன் அழுகிறானா, அழுவதுபோல் முகத்தை வைத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அவன் நடிகனே இல்லை.

இந்தப் பெரிய பெரிய தொடர்களில் எல்லா வீட்டிலும் இருட்டு. பங்களா கட்டியவனுக்கு ஒரு டியூப் லைட் போட மனசில்லை. தட்டில் சாப்பாடு வைத்ததும் போன் வரும், எழுந்து போய்விடுவார்கள். எட்டு எபிசோடில் ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதையெல்லாம் மன்னித்துவிடுவேன். முடிவை மட்டும் மன்னிக்க மாட்டேன். கதாநாயகி கதவருகே வருவாள், திரும்பிப் பார்ப்பாள், அதோடு திரை கறுத்துப் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். "அதாம்மா கலை" என்றார்.

"சோத்த வடிச்சி வச்சிட்டு எல போடாம போறதுக்குப் பேரு கலையா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

முடிவு பிடிக்காவிட்டால் நானே மாற்றிவிடுவேன். அப்படி மாற்றிச் சொல்வதைக் கேட்க ஒருத்தி இருந்தாள், மார்க்கெட்டில் மீன் விற்பவள். விடியும் முன்னே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மத்தியானம் வரை விற்று, விளக்கு வைத்ததும் தூங்கிவிடுகிறவளுக்கு டிவி எங்கே? அவள் எனக்கு மீன் ஆய்ந்து முடிப்பதற்குள் நான் ஒரு எபிசோடு சொல்லி முடிப்பேன். நெத்திலி வாங்கினால் கதை நீளும். வஞ்சிரம் துண்டு என்றால் சுருக்கம். தொடர்களில் செத்தவர்களில் பாதிப் பேர் என் வாயால் பிழைத்திருக்கிறார்கள்.

அவளுடைய மகள் மூன்று மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். புருஷன் கை நீட்டியதால் வந்துவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறோம் என்று அவன் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். மகளை அனுப்புவதா வேண்டாமா என்று தாய்க்குப் பிடிபடவில்லை. அந்தச் சமயம் நான் சொல்லிக்கொண்டிருந்த தொடரிலும் அதே மாதிரி அடிபட்டு வந்த ஒருத்தி. மீன்காரி வெறும் கதையாக அதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

கடைசி எபிசோடில் அந்தப் பெண் புருஷன் வீட்டுக் கதவு முன்னால் போய் நின்றாள். திரை கறுத்தது. வெள்ளிக்கிழமை காலை நான் மார்க்கெட்டுக்குப் போனதும் மீன்காரி கேட்டாள்.

"இன்னா ஆயா, உள்ள போனாளா இல்லியா?"

வாய்ப் பழக்கம். "போனா. அவன் கால்ல வுழாத கொறையா அழுதான். அவனே டீ போட்டுக் குடுத்தான்."

"டீ போட்டானா?"

"ஏலக்கா தட்டிப் போட்டான்."

அவள் மீனை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ நானும் அனுப்பிடறேன் ஆயா. ஆம்பள திருந்துவான் போல. இத்தினி பேரு பாக்குற கதையில சும்மாவா காட்டுவான்?"

ஏலக்காய் அதிகப்படி. பொய் சொன்னால் அதற்குக் கொஞ்சம் வாசனையும் சேர்க்காமல் எனக்கு ஆகாது. அப்போதே சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே நான் போய் நின்றதும் பயந்துவிட்டாள்.

"யாருக்கு இன்னா ஆச்சு ஆயா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நேத்து சொன்னது பொய்யி. டீயும் கெடையாது, ஏலக்காவும் கெடையாது. கதவாண்ட நிக்கிறா, கத முடிஞ்சிபோச்சி. அவன் திருந்துனானா இல்லியான்னு எடுத்தவனே சொல்லல. எம்பேச்ச நம்பிப் பொண்ண அனுப்பிடாதடி."

"அடி பாவி கெழவி! வாங்க, கூட்டினு போங்கன்னு நேத்தே அவங்களுக்குப் போன் பண்ணிட்டனே!"

அன்று மகளும் கடைக்கு வந்திருந்தாள். மீன் மேல் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "எம்மா, அந்தக் கதய நான் போன வாரமே போன்ல பாத்துட்டேன். ஆயா சொன்னதுல பாதி அதுல கெடையாது. அந்த வூட்டு நாய் ரெண்டாவது எபிசோடுலியே செத்துப்போச்சி. ஆயாதான் அதுக்கு இன்னும் சோறு போட்டுனு இருக்குது."

"நேத்து நான் அனுப்பறேன்னு சொன்னப்போ ஏண்டி வாயத் தொறக்கல?"

"நீ எங்க என்னக் கேட்ட? அனுப்பறேன்னு சொன்ன, அவ்ளோதான்." அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நான் போவல. சேதராப்பட்டு கம்பெனில திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. அதச் சொல்லத்தான் இன்னிக்கி இங்க வந்தேன்."

சங்கரா என்ன விலை என்று யாரோ கேட்டார்கள். தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "நாளைக்கி வரவங்களுக்கு நான் இன்னாடி சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல உக்காரு, போதும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆயா, நீ மட்டும் வராத. வந்தா அவனுக்கு டீ போடக் கத்துக்குடுத்துடுவ."

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவியையும் போடவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், முடிவு தெரியாமல்.

திங்கட்கிழமை மீன்காரி தனியாகக் கடை போட்டிருந்தாள். வந்தவர்கள் கொஞ்சம் கத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, வெறுங்கையோடு போனார்களாம். ஏலக்காய் போட்டாயா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"காலையில வேலைக்குப் போய்ட்டா. டிபன் பாக்ஸுல மீன் வறுத்து எடுத்துனு போயிருக்கா" என்றாள். பிறகு பலகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "புதுக் கத ஒண்ணு ஆரம்பி ஆயா. முடிவ மட்டும் நான் எம்பொண்ணாண்ட கேட்டுக்கறேன்."

நான் அரைக் கிலோ நெத்திலி கேட்டேன்.