மூனு என்று அப்பா கூப்பிடவில்லை

எங்கள் வீட்டில் சோடா மூடியை மிதித்தால் முதுகில் ஒன்று விழும். கூடத்துச் சிமெண்ட் தரையில் அப்பா அவற்றைப் பரப்பி வைத்திருப்பார். மூடிகள் பதினொன்றும் எங்கள் ஆட்கள். புளியங்கொட்டைகள் பதினொன்றும் எதிரிகள். தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்துவிட்டு நாலரை மணிக்கு வீடு திரும்பும் மனிதர், கோப்பியை ஆறவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மூடியை நகர்த்துவார், முறைப்பார், திரும்ப இழுப்பார். "வெளையாடுற வயசு மகளுக்கா, அப்பனுக்கா?" என்று அம்மா கேட்பார். அப்பாவின் காதில் விழாது.

எங்கள் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா எங்கள் ஊரான காஜா பெராங்கின் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். குழுவில் பாதிப் பேர் எங்களைப் போன்ற தமிழர்கள். மீதிப் பேர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டி வீட்டுப் பையன்கள். எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள், ஆனால் பேசுவது மலாய். அவர்களுக்கு அப்பா தமிழில் மூன்றே சொற்கள் கற்றுக்கொடுத்திருந்தார்: ஒன்னு, ரெண்டு, மூனு. கோட்டோரம் நின்று அவர் எதைக் கூவுகிறாரோ அந்த ஆட்டத்தை ஆட வேண்டும். எதிர்க்குழுவில் தமிழ் தெரிந்தவன் இருந்தாலும் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன கிழித்துவிடப் போகிறான்?

ஒன்னு என்றால் நடுவிலேயே சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு போவது. ரெண்டுதான் அப்பாவின் செல்லம். அப்பாவின் ஒரே தம்பியான என் சித்தப்பா, பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல் வலது கோட்டோரமாகத் தலைதெறிக்க ஓடுவார். அவரை மறிக்க இரண்டு பேர் பின்னாலேயே ஓடுவார்கள். பந்து இடப்பக்கம் தனியாக நிற்கும் பக்கத்து வீட்டு அபாங்கிடம் போகும். அவர் செட்டி வீட்டு அண்ணன்; மலாயில் அண்ணனை அபாங் என்போம். அபாங் கோல் அடிப்பார், ஊரே அவரைத் தோளில் தூக்கும். சித்தப்பா மூலைக்கொடி பக்கத்தில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தப்பா என்றால் எனக்கு உயிர்.

"உங்களுக்கு மட்டும் ஏன் சித்தப்பா பந்தே வர மாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பத்து வாட்டி சும்மா ஓடணும் பாப்பா. இவன் சும்மாதான் ஓடுவான்னு பதினோராவது வாட்டி அவனுங்க விட்டுடுவானுங்க. அப்போ உங்கப்பா மூனுன்னு கூப்பிடுவாரு, பாரு."

மூனு என்பது ரெண்டைப் போலவேதான் தொடங்கும். கடைசியில் பந்து மட்டும் சித்தப்பாவுக்கு வரும். சோடா மூடியை வைத்து அப்பா எனக்கே அதைக் காட்டியிருக்கிறார். நிஜ ஆட்டத்தில் ஒருமுறைகூட அதைக் கூப்பிட்டதில்லை. பெரிய ஆட்டத்துக்கு வைத்திருப்பதாகச் சொல்வார்.

பெரிய ஆட்டம் வந்தது. உஜோங் பாசிர் குழுவோடு இறுதிப் போட்டி. மாநிலக் குழுவுக்கு ஒரே ஓர் ஆளைப் பொறுக்கி எடுக்க ஒருவர் வரப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. மாநிலக் குழுவில் சேர்ந்துவிட்டால் பின்னாலேயே அரசாங்க வேலையும் வந்துவிடும் என்பார்கள். சித்தப்பா அப்போது ரப்பர் கிடங்கில் தினக்கூலி. நிரந்தர வேலை இல்லை என்றே இரண்டு இடத்தில் பெண் கொடுக்க மறுத்திருந்தார்கள். அன்று காலை அவருடைய ஜெர்சிக்கு அம்மா கரிப்பெட்டி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஜெர்சிக்கு நடந்த முதல் மரியாதை அதுதான்.

ஆனால் அப்பாவுக்கு வேறொரு முள் குத்திக்கொண்டிருந்தது. அவருக்கு முன்பு குழுவைப் பார்த்துக்கொண்டவர் தன் மகனையே எப்போதும் முன்னால் தள்ளினார். கோபித்துக்கொண்டு செட்டிப் பையன்கள் விலகினார்கள், குழு இரண்டு வருடம் செத்துக் கிடந்தது. அப்பா வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அதை எழுப்பியபோது, கோப்பிக்கடையில் ஒருவர், "பாத்துக்கிட்டே இருங்க, இனிமே தம்பிக்குத்தான் பந்து போவும்" என்றாராம். அப்பா அதை மறக்கவே இல்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய ஐந்து நிமிடமே பாக்கி. அதற்குள் சித்தப்பா ஒன்பது பத்து முறை வெறுமனே ஓடிவிட்டார். அவரை மறிக்க வேண்டியவன் சலித்துப்போய், முட்டியில் கைவைத்துக் குனிந்து நின்றான். வலப்பக்கம் முழுக்கக் காலி. சைக்கிள் கேரியர் மேல் ஏறி நின்ற எனக்கே தெரிந்தது. மூனு, மூனு என்று என் வாய் முணுமுணுத்தது. சித்தப்பா ஒரே ஒருமுறை திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா வாயைத் திறந்தார். கோட்டோரம் கூடியிருந்த ஊர்க்காரர்கள் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு, "ரெண்டு!" என்று கூவினார்.

ஐயோ, அதற்கும் அந்த மனிதர் ஓடினார்! பந்து வராது என்று தெரிந்தும் அத்தனை வேகமாக ஓடினார். அவர் பின்னால் ஒருவரும் போகவில்லை. அபாங்கை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எப்படியோ உதைத்த பந்து எவன் முட்டியிலோ பட்டு, உருண்டு, கோலுக்குள் போனது. ஜெயித்துவிட்டோம். தப்பாகக் கூப்பிட்டும் ஜெயித்ததால் அது தப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் எடுக்க வந்தவர் நேரே போய் அபாங்கின் கையைக் குலுக்கினார்.

அபாங் நல்லவர், நன்றாகவும் ஆடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சித்தப்பா அடுத்த மாதமே சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினார். துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். ஆறாவது வருடம் சரக்கு சரிந்து விழுந்து அங்கேயே இறந்துபோனார், கல்யாணம் ஆகாமலே. அப்பா போய்க் காரியம் செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கும் பாடாங் திடல் பக்கம் அவர் தலைகாட்டவில்லை. வயதான காலத்தில் ஒருநாள், நான் எதுவும் கேட்காமலே, "மூனுதான் கூப்பிட்டிருக்கணும். ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்துட்டேன்மா" என்றார்.

என்னால் மறக்க முடியாதது அந்த ஆட்டம்கூட இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு. திரும்பும் வழியில் கோப்பிக்கடைக்காரர் அப்பாவை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்தத் தம்பின்னு பாக்காம ஊர்ப் பையனுக்குக் குடுத்தீங்க பாருங்க, மனுசன்னா நீங்கதான் லா!" என்று சொல்லியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூனு வரவில்லை என்ற வருத்தமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பறந்துபோனது. ஒன்பது வயதுக் கழுதைக்கு அவ்வளவுதான் புத்தி.

அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள். யாராவது பேச வேண்டுமே என்று நான் ஆரம்பித்தேன்.

"எங்கப்பா சொந்தத் தம்பின்னுகூடப் பாக்க மாட்டாரு. அப்படித்தானே சித்தப்பா?"

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. சித்தப்பா தலையைத் தூக்காமல், "ஆமா பாப்பா, உங்கப்பா நியாயமானவரு" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் எழுந்தார். கையைக் கழுவினார். பின்கட்டுக்குப் போய் இருட்டில் நின்றுகொண்டார். அம்மா என்னை முறைத்தார். ஏன் என்று விளங்கவில்லை. அப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் தட்டில் பெரிய துண்டு மீன் தொடாமல் கிடந்தது. யாருக்கும் வேண்டாமா என்று கேட்டுவிட்டு, அதையும் எடுத்து நானே தின்றேன்.