சொனாட்டாவின் நடுவில் திறந்த கதவு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்த வீட்டுப் பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட வேண்டும். கீழே இருக்கும் பலகையைக் கழற்றி, ஒயரோடு பல்பை உள்ளே தொங்கவிட்டுப் பலகையைச் சாத்திவிடுவேன். கொல்லிமலை ஈரத்தில் கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் எழும்பாமல் கிடக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பல்பு எரிகிறதா என்று சாயங்காலத்துக்குள் நாலைந்து முறை போய்ப் பார்ப்பேன். பிறகு அந்தச் சூட்டில் பியானோ பற்றிக்கொள்ளுமோ என்று இன்னொரு முறை பார்ப்பேன். என் சுபாவம் அது. ஏழாவதோடு படிப்பு நின்றதிலிருந்து, எனக்குத் தெரியாதது ஏதோ ஒன்று எப்போதும் நடக்கப்போகிறது என்ற பயம் என்னோடு இருக்கிறது.

டாக்டரம்மா குடும்பத்துக்குச் சேலத்தில் ஆஸ்பத்திரி. செம்மேட்டைத் தாண்டி மிளகுத் தோட்டத்துக்குள் இருக்கும் இந்த வீட்டுக்கு லீவு நாட்களில்தான் வருவார்கள். மற்ற நாட்களில் சாவி என்னிடம். வீட்டைப் பார்த்துக்கொள்வதும் வந்தால் சமைப்பதும் என் வேலை. தோட்டம் என் கணவர் பொறுப்பு. அவர்களுக்கு ஒரே பெண். தரையில் தவழ்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். நான் அவளைப் பாப்பா என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

பாப்பா பிளஸ் டூ முடித்த வருடம் வெளிநாட்டுப் பியானோப் போட்டி ஒன்றுக்கு எழுதிப்போட்டாள். முதல் சுற்றுக்கு வாசிப்பை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதில் தேறினால் அந்த நாட்டுக்கே போய் மேடையில் வாசிக்கலாம். சேலம் வீட்டு வாசலில் ஓயாமல் வண்டிச் சத்தம், அதனால் இங்கே எடுக்கலாம் என்று அம்மாவும் மகளும் வந்தார்கள். வந்த அன்றே சமையல்கட்டில் வைத்துப் பாப்பா என்னிடம் சொன்னாள்: "இதுல தேறுனா பியானோ படிக்க விடுவாங்கக்கா. தேறலைன்னா நாமக்கல்ல டாக்டர் கோச்சிங். அப்பா பணம் கட்ட ரெடியா இருக்காரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டிலிருந்த இட்லியைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செல்போனைப் பார்த்து விதிகளைத் தமிழில் சொன்னார். மொத்தம் நான்கு உருப்படிகள். முன்னூறு வருடத்துக்கு முந்தைய காலத்தது ஒன்று, விரல் வேகத்தைக் காட்ட ஒன்று, சொனாட்டா என்று முழுதாக ஒன்று, இஷ்டப்பட்டது ஒன்று. பெயர் கொடுத்தபின் எதையும் மாற்ற முடியாது. புத்தகம் பார்க்காமல் வாசிக்க வேண்டும். கேமரா ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முகம், கை, கால் மூன்றும் தெரிய வேண்டும்.

"பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல நிறுத்திக்கலாம். ஒரு பாட்டுக்குள்ள மட்டும் நிறுத்தவே கூடாது. வெட்டி ஒட்டுனது தெரிஞ்சா அப்பவே தள்ளிருவாங்க. அதனால வாசிக்கறப்ப சத்தம் வரக் கூடாது. புரியுதாம்மா?" என்றார்.

"புரியுதுங்கம்மா."

கடைசி விதியைப் பாப்பாவே படித்தாள். "நடுவருங்க சொல்றதுதான் முடிவு. காரணம் கேட்டு யாரும் எழுதக் கூடாது."

"எது தப்புன்னு சொல்லாட்டி எப்பிடிக் கண்ணு திருத்திக்கறது?" என்றேன்.

"திருத்திக்க வேண்டாம்னுதான் போலக்கா."

அன்று இரவு முதல் எனக்குத் தூக்கம் போனது. சத்தம் எங்கெங்கிருந்து வரும் என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக அடைத்தேன். கோழிகளைப் பிடித்து அக்கரைத் தோட்டத்துக் கூண்டில் போட்டேன். நாயைக் கொழுந்தனார் வீட்டில் கட்டினேன். பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரரிடம் போய், காலையில் மோட்டார் போடாதீர்கள் என்று கேட்டேன். மிக்சி வேண்டாம் என்று சட்னியை அம்மியில் அரைத்தேன். வீட்டை ஒட்டிய வளைவில் பஸ் ஹாரன் அடிக்குமே என்று, டவுன் பஸ்ஸையே கைகாட்டி நிறுத்தி டிரைவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, ரெண்டு நாளைக்கு இந்தத் திருப்பத்துல ஹாரன் அடிக்காம போங்க. எங்க பாப்பா பாட்டு வாசிக்குது."

"ஹாரன் அடிக்காம திருப்புனா, உங்க பாப்பா பாட்ட நாங்க எல்லாரும் மேல இருந்துதான் கேக்கோணுமுங்க" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது.

என் கணவரும் விடவில்லை. "கோழிக்கு ஆச்சு, நாய்க்கு ஆச்சு. பலா மரத்துல பழம் பழுத்து நிக்குதே, அது உளுந்தா சத்தம் கேக்காதா புள்ள? போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று தெரிந்தும் நான் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன்.

வீடியோ எடுப்பதற்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பியானோவுக்குச் சுதி சேர்த்துவிட்டுப் போனார். இந்த ஈரத்தில் சுதி ரெண்டு நாள் தாங்கினால் அதிகம் என்றார். அவர் போன பிறகு, தண்ணீர் குடிக்க வந்த பாப்பா சமையல்கட்டு மேடையைப் பிடித்தபடி, "அக்கா, கண்ணு இருட்டுது" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, "சாப்பிடாம இருந்தா இப்பிடித்தான்" என்றார். அவர் டாக்டர். அவருக்கு அது சின்ன விஷயம். எனக்கோ பாப்பாவின் உதடு வெளுத்திருந்த விதம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மா செம்மேட்டுக்குக் கிளம்பினார். அவ்வளவு பெரிய வீடியோவை அனுப்ப நெட் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். கெடு அன்று இரவோடு முடிந்தது. காரில் ஏறும்போது, "பாத்துக்கோம்மா" என்றார்.

ஹாலில் பாப்பா தனியாக இருந்தாள். கதவைச் சாத்தி, நான் வெளியே நடையில் நின்றேன். முதல் உருப்படி முடிந்தது. கேமராவை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள், தண்ணீர் குடித்தாள், போனாள். இரண்டாவது முடிந்தது. வந்தாள், முகம் கழுவினாள், போனாள். மூன்றாவதாகச் சொனாட்டா. அதை வாசிக்க வாசிக்க எனக்கே தெரிந்தது, அவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. கடைசியில் இரண்டு கையும் ஓங்கி விழுந்து சத்தம் அடங்கியது. முடிந்தது என்று நினைத்து, தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றேன்.

பாப்பா வரவில்லை.

உள்ளே ஒரு அசைவும் இல்லை. நாற்காலி நகரும் சத்தமும் இல்லை. எனக்கு அந்த வெளுத்த உதடுதான் ஞாபகம் வந்தது. விழுந்துவிட்டாள், பியானோ மேலேயே சாய்ந்து கிடக்கிறாள் என்று அடித்துச் சொன்னது மனது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

கதவு நீளமாகக் கிறீச்சிட்டது. கோழி, நாய், மோட்டார், பஸ் என்று ஊரெல்லாம் சுற்றி அடைத்தவள் அந்தக் கீலைப் பார்க்கவே இல்லை.

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன, கண்கள் மூடியிருந்தன. கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கதவுச் சத்தத்துக்கு அவள் தோள்பட்டை ஒருமுறை தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்தாள், பிறகு கையைத் தூக்கி வைத்து, சாயங்கால நேரங்களில் வாசிப்பாளே அந்த மெதுவான பாட்டைத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் வாசிப்பது ஒரு பாட்டு, சாயங்காலம் வாசிப்பது வேறு பாட்டு, நடுவில் அடிக்கும் வேகமானது இன்னொரு பாட்டு என்று நான் நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே சொனாட்டாவின் பாகங்கள். ஒரு பாட்டுக்குள் நிறுத்தக் கூடாது என்ற விதியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கதவை விட்டால் அது தானாகச் சாத்திக்கொண்டு மறுபடியும் கத்தும். அதனால் பாதி திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். மெதுவான பாகம் முழுக்க நின்றேன், வேகமான பாகம் முழுக்க நின்றேன். தோள் கடுத்தது. மூச்சு விடவும் பயம். மெதுவான பாகத்தின் நடுவே ஓரிடத்தில் பாப்பாவின் விரல் வழுக்கி வேறு கட்டையில் பட்டது. எத்தனையோ சாயங்காலம் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறேன். அங்கே அவள் தவறியதே இல்லை.

வாசித்து முடித்து, எழுந்து கேமராவை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப விடலாம்க்கா" என்றாள்.

விட்டேன். கதவு கத்தியபடியே சாத்திக்கொண்டது.

"சாமி, நீ உளுந்துட்டீன்னு நெனச்சேன்" என்று நடையிலிருந்தே சொன்னேன். அதற்குள் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு முறை வாசித்தாள். கை சோர்ந்துபோய் இரண்டும் பாதியில் நின்றன. இஷ்ட உருப்படியை எப்படியோ ஒரு வழியாக முடித்தாள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அடித்த சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை, கரண்டும் போனது. செம்மேட்டிலிருந்து திரும்பிவந்த டாக்டரம்மா வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கதவுச் சத்தம் வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பாத்துக்கோ என்று அவர் சொன்னதை அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன்.

"வேற வழியில்ல. இதையே அனுப்பலாம்" என்றாள் பாப்பா. "சத்தம் வரக் கூடாதுன்னு விதில இல்லம்மா. அது நீங்களா சொன்னது."

எனக்காகச் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது.

அவள் தேறவில்லை. சேலத்திலிருந்து டாக்டரம்மா போனில் சொன்னபோது, எதனால் என்று கேட்டேன். கதவாலா, வழுக்கிய அந்த விரலாலா, வேறு ஏதாவதா?

"சொல்ல மாட்டாங்கம்மா. கேக்கவும் கூடாது. அன்னைக்கே படிச்சமே."

"கதவத் தொறந்தது நாந்தான்னு ஒரு வரி எழுதிப் போட்டா ஆகாதுங்களா? புள்ள மேல தப்பில்லன்னு."

"வேண்டாம்மா. வேலையப் பாரு" என்றார்.

என் கணவர், "கடல் தாண்டி இருக்கறவனுக்கு நம்மூர்க் கதவுச் சத்தம் கேட்டிருக்கு. பெருமப்படு புள்ள" என்றார். அன்றே கீலுக்கு எண்ணெய் போட்டேன். அன்றிலிருந்து வாராவாரம் போடுகிறேன். வீட்டில் யாரும் இல்லாத நாட்களில் கதவைத் திறந்து சாத்தி, திறந்து சாத்திப் பார்ப்பேன்.

பாப்பா நாமக்கல் கோச்சிங்குக்குப் போனாள். பொங்கலுக்கு வந்தபோது கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. பியானோவைத் திறக்கவில்லை. பல்பைப் பற்றி மட்டும் கேட்டாள். "எரியுதா அக்கா?" எரிகிறது என்றேன். அவள் படித்துக்கொண்டிருந்த தடித்தடி புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒவ்வொரு பக்கத்தையும் நான்தான் அவள் மடியில் தூக்கி வைத்ததுபோல் இருந்தது.

ஆனால் அவள் விட்டுவிடவில்லை. அடுத்த வருடம் வேறொரு நாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள். அங்கேயும் ஒரு முழு சொனாட்டா கேட்டிருந்தார்கள். அதே சொனாட்டாவை எடுத்துக்கொண்டாள். வீடியோ எடுக்க வந்த அன்று, நான் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடுகிறேன், முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாப்பா வழிமறித்தாள்.

"நீங்க உள்ள உக்காருங்கக்கா. கேமராவுக்குப் பின்னால."

"நா எதுக்குக் கண்ணு? வேண்டாம். என்னால மறுக்காவும் ஏதாச்சும் ஆயிரும்."

"நீங்க வெளிய இருந்தா, எப்பத் தொறப்பீங்களோன்னு எனக்குக் கதவு மேலயே நெனப்பா இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். இத்தனை நாள் அந்தக் கதவு என் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கேமராவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சொனாட்டாவின் முதல் பாகம் முடிந்தது. கைகள் ஓங்கி விழுந்து சத்தம் அடங்கியது. பாப்பா கையை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளங்கைகளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்களை மூடவில்லை, கதவைப் பார்த்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் இருந்தேன். கையைத் தூக்கி வைத்து மெதுவான பாகத்தைத் தொடங்கினாள். அவ்வளவு நேரம்தான் அந்த இடைவெளி. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஈரக்கையைத் துடைக்கிற நேரம். போன வருடம் வெளியே நின்றிருந்த நான் அதற்குள் மனசில் அவளைச் சாகடித்தே விட்டிருந்தேன்.

இந்த முறை தேறிவிட்டாள். போன வாரம் டாக்டரம்மா போனில் சொன்னார். மேடையில் வாசிக்க அடுத்த மாதம் போகிறார்கள். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பழசையெல்லாம் மறந்துவிடு என்று அவரே சொன்னார். சரிங்கம்மா என்றேன்.

"அங்கயும் அதே சொனாட்டாதானுங்களா?"

"அதேதான்."

"அந்த ஹால்ல கதவு எந்தப் பக்கங்க? அதுக்கிட்ட யாரு நிப்பாங்க?"

டாக்டரம்மா சிரித்தார். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.