ஜப்பான் பிள்ளை

ஒரு பிளாஸ்டிக் பொம்மை எந்த நாட்டில் செய்தது என்று தெரிய வேண்டுமானால் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் நாட்டின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் அச்சுக்கோடும் எடையும் சொல்லிவிடும். ஹாங்காங் குதிரைவீரன் உள்ளே பொள்ளல், கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஜெர்மனியில் செய்த பசுவுக்கு மடிக்காம்பில்கூட வண்ணம் தீட்டியிருப்பார்கள். பற்பசை டப்பாவுக்குள் இலவசமாக வந்த நம்மூர் ஒட்டகச்சிவிங்கி கட்டெறும்பு நீளம்தான், ஆனால் கழுத்து உடையாமல் கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்படி ஒரு கண்ணாடி அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

வில்லாபுரத்து வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அலமாரியைக் காட்டி, பிள்ளைகள் தொடக் கூடாத பொம்மைக் கடை என்று கேலி செய்வாள். எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாமல் போனதும் அந்தக் கேலியை நிறுத்திவிட்டாள். நானும் விருந்தாளிகள் வரும் நாளில் அலமாரிக்குத் திரை போட ஆரம்பித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின தை மாதம், பேரையூருக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்குப் போனோம். பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரம். பிள்ளை வேண்டுகிறவர்கள் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு வருவார்கள். மகளும் மருமகனும் கட்டினார்கள். வாசலில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை. கவிழ்த்துப் பார்த்தேன், சீனா. மகள் முறைத்தாள்.

அவர்கள் மரத்தைச் சுற்றி வரும்போது நான் மற்ற தொட்டில்களை எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம். நாலாவது தொட்டிலில் அது கிடந்தது. சாண் நீளக் குழந்தை. கையும் காலும் உள்ளே ரப்பர் நாடாவால் கோத்தவை. ரோஜா நிறம் மங்கிச் சந்தன நிறத்துக்கு வந்திருந்தது. முதுகில் ஜப்பான் என்று ஆங்கில எழுத்து, தடவினால்தான் தெரியும். யாரோ ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் இந்தப் பக்கம் வந்திருக்கும்.

செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கைக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வர வேண்டும். தேய்த்தேன், வந்தது. ஆனால் அந்த இடத்தில் எதுதான் மணக்கவில்லை? என் விரல் மணந்தது, சட்டை மணந்தது, மரமே மணந்தது. வீட்டுக்குப் போய்த்தான் நிச்சயம் செய்ய முடியும் என்று பொம்மையைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு பொறி பட்டால் குப்பென்று எரிகிற பொருள், தினமும் சூடம் ஏற்றுகிற இடத்தில் இருக்கலாமா என்றும் எனக்குள் நியாயம் பேசினேன். அதெல்லாம் உண்மைதான். அந்தத் தொட்டில் துணி புதியது என்பதை நான் பார்த்ததும் உண்மை. எழுபது வயதுப் பொம்மைக்கு ஒரு வருடம்கூட ஆகாத துணி. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

வீட்டில் சோதித்தேன். செல்லுலாய்டுதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க உட்கார்ந்தேன். கன்னத்தில் ஒரு கரும்புள்ளி, பூசணம் என்று நினைத்தேன். மூன்றாவது துடைப்பில் அது பஞ்சில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. கண்மை. கழுத்து இடுக்கிலும் அக்குளிலும் வெள்ளையாகத் திரண்டிருந்தது முகப்பவுடர். யாரோ இதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டு வைத்துத் தூங்கப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல வருடம். அப்படியும் நாடும் வகையும் எழுதிய சீட்டோடு அதை அலமாரியில் வைத்தேன். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் சேகரிப்பாளர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கே கிடைத்தது என்று ஒருவர் கேட்டதற்கு, பழைய சாமான் கடையில் என்று எழுதினேன்.

சித்திரை வெயிலில் அறை காய ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் மனைவி, சூடம் ஏற்றினீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லை என்றேன். சூட்டில் செல்லுலாய்டு மணக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறைக்குள் தனியாகப் போகத் தயங்கினேன். பொம்மையின் கண்கள் வெறும் பெயின்ட், இமை கிடையாது. எங்கே நின்றாலும் என்னைப் பார்த்து ஏதோ கேட்பது போல இருந்தது.

அந்த வாரமே திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டர் உறுதி செய்துவிட்டார் என்று அழுதாள். வீடே ஆனந்தக் கண்ணீரில் இருந்தது. நான் மட்டும் அலமாரிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் கழித்து அவளுக்கு ரத்தம் பட்டது. படுத்த படுக்கையாக இருக்கச் சொன்னார்கள். இன்னொருத்தி தொட்டிலைக் காலி செய்தவன் பேரப்பிள்ளையைப் பார்ப்பானா என்ற எண்ணம் வந்தது. ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு இது வரலாமா? வந்தது. அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் காலை பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோயிலில் பூசாரி மட்டும் இருந்தார். பைக்குள் கையை விட்டுக்கொண்டே, அந்த நாலாவது தொட்டில் யாருடையது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்றார். அறுபதுக்கு மேல் வயது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். புகுந்த வீட்டு ரங்கூன் பெட்டியில் இருந்த பொம்மையைக் கல்யாணமான புதிதில் கொண்டுவந்து கட்டினாளாம். வருடா வருடம் பங்குனியில் வந்து, பொம்மையைக் குளிப்பாட்டிப் புதுத் துணி கட்டிவிட்டுப் போவாளாம்.

"இந்தப் பங்குனி வந்து பாத்தா தொட்டில்ல பிள்ளைய காணோம். அழுது பொரளப் போறான்னு நெனச்சேண்ணே. சிரிக்கிறா. எம்பிள்ளை எறங்கிப் போயிருச்சு, எங்கிட்டோ ஒரு வயித்துல பொறக்கப் போகுதுங்கிறா. அம்புட்டுப் பேத்துக்கும் சர்க்கரைப் பொங்கல் வச்சுக் குடுத்துட்டுப் போனா."

பைக்குள்ளிருந்த கை வெளியே வரவில்லை. இதைத் திரும்பப் படுக்க வைத்தால் அவள் நாற்பது வருடத்தில் கண்ட ஒரே சந்தோஷத்தைப் பறித்தவன் ஆவேன். வைக்காவிட்டால் திருடன். திருடனாகவே வீட்டுக்குத் திரும்பினேன்.

மகளுக்கு எல்லாம் சரியாகி மார்கழியில் பையன் பிறந்தான். அவனைத் தூக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். யாரும் கவனிக்கவில்லை, தாத்தாவுக்குப் பயம் என்று சிரித்தார்கள்.

ஆவணியில் அவனுக்கு மொட்டை போட அதே கோயிலுக்குப் போனோம். அன்று வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். பொம்மை என் பையில் இருந்தது. அவளைப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் மனைவிக்குக்கூட அது தெரியாது.

பூசாரி காட்டாமலே அவளைத் தெரிந்துகொண்டேன். ஒல்லியான பெண், நீலப் புடவை. நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பிள்ளையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வெள்ளி தவறாமல் வருகிறாள் என்றார் பூசாரி. எங்கோ பிறந்திருக்கும் தன் பிள்ளையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதுமாம்.

எங்களிடமும் வந்தாள். மகள் துணியை விலக்கிக் காட்டினாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் இருந்தது. அந்தப் பெண் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், விரலைப் பிரித்துப் பார்த்தாள். நான் பைக்குள் துண்டை அவிழ்த்துவிட்டேன். என் விரல் அந்தச் சின்னக் காலைப் பிடித்திருந்தது.

"இது இல்ல தாயி," என்றாள் மகளிடம். "எம்பிள்ளை இன்னுங் கொஞ்சம் செவப்பு."

மகள் முகம் வாடிவிட்டது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் உறைத்தது. இந்தக் கரிசல்காட்டில் அந்தப் பொம்மையின் நிறத்தில் ஒரு பிள்ளை அவளுக்குக் கிடைக்கப் போவதே இல்லை.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்த குடும்பத்திடம் போய், பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.