சாப்பிடாதவர்களின் பாராட்டு

கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் பிளாட்டில் இருந்தபடியே இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் செய்து விற்கிறேன். பேஸ்புக்கில் பக்கம் தொடங்கிய அன்றே கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, "அந்த மாதிரிச் சுவை" என்று எழுதித் தள்ளினார்கள். அவர்களில் ஒருவரும் என் சமையலை வாயில் வைத்ததில்லை. ஆனாலும் அதைப் பார்த்தே ஓடர்கள் குவிந்தன.

ஒருநாள், என்னிடம் சாப்பாடு வாங்கும் மூன்றாம் மாடி சுமதி அக்கா, "இண்டைக்குச் சொதி பழுதாப் போச்சு, கவனியுங்கோ" என்று அதே பக்கத்தில் எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "இவவுக்கு ஒருக்காப் பதில் குடுங்கோ" என்றேன். அரை மணித்தியாலத்தில் முப்பது பேர் பாய்ந்தார்கள். "பொறாமை பிடிச்ச மனுசி" என்று எழுதினார் ரொறன்ரோ சித்தப்பா. அக்கா தான் எழுதியதை அழித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சட்டியில் மிச்சமிருந்த சொதியை ருசி பார்த்தேன். கெட்டுத்தான் போயிருந்தது.

மறுநாள் படிக்கட்டில் அக்காவே நின்று கதைத்தார்.

"பிள்ளை, முதல் வந்து கதவைத் தட்டினனான். நீர் வெளியில போயிட்டீர். மற்ற வீடுகளுக்குக் குடுக்க முதல் நீர் பாக்கட்டும் எண்டுதான் எழுதினனான்."

"ஓம் அக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அந்த நட்சத்திரங்களை எடுக்கும்படி சொந்தக்காரர்களிடம் இன்னும் நான் சொல்லவில்லை. வியாபாரம் அவற்றால்தான் ஓடுகிறது. சாப்பிட்டுப் பார்த்து எழுதிய ஒரே ஒருவரின் வரி மட்டும் அங்கே இல்லை.