பூனை பார்த்த வைத்தியம்

டயாலிசிஸுக்குப் போக மாட்டேன் என்று அப்பா சொன்ன காலையில், அதற்கு அவர் காட்டிய சாட்சி ஒரு பூனை.

முந்தின நாள்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர், பள்ளிப் பிள்ளை போலிருக்கும் ஒரு சீனப் பெண், தாளில் படம் வரைந்து எங்களுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தாள். இரண்டு கிட்னியும் களைத்துவிட்டன, இனி மெஷின் துணை வேண்டும், அதற்குமுன் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து நரம்பைத் தயார்படுத்த வேண்டும், சீக்கிரம் முடிவைச் சொல்லுங்கள் என்றாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து கைகுலுக்கி தேங்க் யூ கூடச் சொன்னார். மறுநாள் காலை பின்கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வெளியே கையை நீட்டினார்.

"அங்க பாரு. அவளுக்கு யாரு டயாலிசிஸ் பண்றா?"

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில் பழைய ஃப்ளாட் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு சாக்கடை, அதைத் தாண்டி யாரும் கவனிக்காத ஒரு துண்டு நிலம், அப்புறம் ரயில் பாதையின் வேலி. அந்த நிலத்தில்தான் அவள் இருந்தாள். கறுப்பும் சாம்பலும் கலந்த காட்டுப்பூனை. காட்டுப்பூனை என்றால் காட்டிலிருந்து வந்ததல்ல, மனிதர் கை படாமலே வளர்ந்தது. சாக்கடையைத் தாண்டி எங்கள் பக்கம் அவள் வந்ததே இல்லை. நாங்கள் வைக்கும் மீனைக்கூட நாங்கள் உள்ளே போன பிறகுதான் தொடுவாள்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. அம்மா போன பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை இந்தப் பூனையைக் கண்காணிப்பதுதான். அவளுக்கு டாக்டரம்மா என்று பட்டமும் கொடுத்திருந்தார். வயிறு சரியில்லையென்றால் அவள் நீளமான புல்லாகத் தேடிக் கடித்து, முதுகைக் கூனிக்கொண்டு வாந்தியெடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல் போய்ப் படுத்துக்கொள்வாள். வேறு பூனையோடு சண்டை போட்டுக் காயம் பட்டால், சாப்பாட்டைத் தொடாமல் வெயிலில் கிடந்து நக்கி நக்கியே ஆற்றிக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலே குப்பைமேனி. வேலியோரம் அது தானாக முளைத்துக் கிடக்கும். அதன் வேரைத் தோண்டி, முகத்தை அதில் தேய்த்து, புரண்டு, எச்சில் வழிய மயங்கிக் கிடப்பாள். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. பார்த்த பிறகு நம்பினேன். வணங்கத்தான் செய்தாள்.

அப்பாவும் தன் பங்குக்கு மிசாய் கூச்சிங் குடித்தார். பூனை மீசைபோல் பூ நீட்டிக்கொண்டிருக்கும் செடி. கிட்னிக்கு நல்லது என்று மலாய்க்காரர்கள் காய்ச்சிக் குடிப்பார்கள். எங்கள் மேல்வீட்டு மலாய்க்கார அக்கா தொட்டியில் வளர்த்து, இலையைப் பறித்துக் காயவைத்துக் கொடுத்தார். உள்ளன்போடு கொடுத்தார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிட்னி டாக்டர், உங்கள் அப்பா இருக்கும் நிலையில் இந்த இலையெல்லாம் ஆகாது, உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பைச் சுற்றித்தான் போர். நான் இலையை ஒளித்து வைப்பேன். அவர் கண்டுபிடித்துவிடுவார். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சண்டையில் அதையும் இழுத்துவிடுவார்.

"பல்லு புடுங்குற கடையில போன் எடுக்கிறவ நீ. என் கிட்னிய பத்தி எனக்குப் பாடம் எடுக்காத லா."

கிள்ளானில் இருக்கும் தம்பியிடம் போனில் அழுதேன். "தூக்கிக் கார்ல போட்டுக் கொண்டு போக்கா," என்றான். அவனுக்கென்ன, கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு யாரை வேண்டுமானாலும் தூக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டரம்மா இளைக்க ஆரம்பித்தாள். முதலில் மீன் அப்படியே கிடந்தது. அப்பா, "விரதம் இருக்கா, சரியாயிடுவா," என்றார். பிறகு சாக்கடையோரம் தேங்கிய தண்ணீரை அவள் விடாமல் குடிப்பதைப் பார்த்தேன். குடித்துவிட்டுக் கொஞ்சம் நடப்பாள், திரும்பி வந்து மறுபடியும் குடிப்பாள். முதுகெலும்பு தனியாகத் தெரிந்தது. மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டதும், "கிட்னியாக இருக்கலாம், கொண்டு வாருங்கள்," என்றார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அப்புறம் பயம் வந்தது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பூனை இலை தழையிலேயே பிழைத்துக்கொண்டால், அப்பா ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். செத்துப்போனால், இருக்கிற கொஞ்சநஞ்ச தெம்பும் போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பாவது ஓடிப் பார்க்கும். எனக்கு ஓடவும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் வெறுமனே நின்றேன். பூனைக்குப் பூசை கேட்டால் சாமியார் என்ன நினைப்பார் என்ற யோசனை வேறு.

கடைசியில் அப்பாவே கண்டுகொண்டார். தண்ணீர் குடிப்பதும் இளைப்பதும் அவருக்குத் தெரியாத அறிகுறிகளா? அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அவளுக்கும் கிட்னியா?"

"அப்படித்தான் போல, டேடி."

எதிரே ரயில் ஒன்று போனது. பிறகு தன் வீங்கிய காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"டாக்டர்கிட்ட கொண்டு போ."

"நம்பள கிட்டயே விடாதே டேடி. எப்படிப் புடிக்கிறது?"

"மேல்வீட்ல கூண்டு இருக்கு, கேட்டு வாங்கு. வேர் வெச்சா வருவா." கொஞ்சம் நிறுத்தினார். "அவ உள்ள போனா நானும் அந்த மெஷின்ல போய் உக்கார்றேன். பேச்சு மாற மாட்டேன்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மாதங்களாகக் கெஞ்சியும் அழுதும் கத்தியும் நடக்காத காரியம், ஒரு பூனை நாலடி எடுத்து வைத்தால் நடந்துவிடும். மேல்வீட்டு அக்கா கூண்டைத் துடைத்து, உள்ளே பழைய துண்டு ஒன்றை விரித்துக் கொடுத்தார். "காசிஹான்," என்றார், ஐயோ பாவம் என்று. பூனையைச் சொன்னாரா அப்பாவையா என்று நான் கேட்கவில்லை. வேரை நான் பிடுங்கி வருகிறேன் என்றால் அப்பா விடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு சாக்கடைப் பலகையைத் தாண்டி, வேலியோரம் குனிந்து, மண் உதிராமல் தானே பிடுங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. அம்மா போன பிறகு அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

கூண்டை நிலத்தின் நடுவே வைத்து, வேரை நசுக்கி உள்ளே போட்டுவிட்டு நான் அடுப்படியில் நின்றேன். நல்ல மத்தியான வெயில். வேலியின் அடியிலிருந்து அவள் வந்தாள். நடையில் பழைய மிடுக்கு இல்லை. கூண்டைச் சுற்றிவந்து வாசலில் நின்று மோந்தாள். அப்பா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு முன்னங்காலை உள்ளே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். கழுத்தை நீட்டி வேரில் கன்னத்தை ஒரு தரம் தேய்த்தாள். போ தாயே, போ, என் அப்பாவைக் காப்பாற்று என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

அவள் புரளவில்லை. நக்கவில்லை. அந்த வேர் அவளை ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, வைத்த கால்களை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தாள். திரும்பி, வேலியோரமாகவே நடந்தாள்.

அதற்குமேல் என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வா, வந்துவிடு என்று கத்தினேன். அவள் அடியில் நுழைந்து பாதையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவசரப்படவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேலான பெண் ஒருத்தி ஒற்றைச் செருப்போடு நின்று அழுவதை மேல் மாடிகளிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்களோ, எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா அமைதியாக இருந்தார்.

"விடும்மா. அவளுக்குத் தெரியும்."

"அது பூனை டேடி! அதுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது அதுக்கு! இன்னொரு நாள் வைப்போம், மீன் வைப்போம், வந்துடும்."

"சத்தம் போடாதம்மா. பேச்சுன்னா பேச்சுதானே."

கூண்டு அங்கேயே இருந்தது. வேரை மாற்றினேன், கெம்போங் மீன் வைத்தேன், கோழி ஈரல் வைத்தேன். வேறு பூனைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாதையோரம் முழுக்கப் பார்த்தேன். அவள் எங்கே போய்ப் படுத்தாளோ, எனக்குத் தெரியாது. நோய் முற்றினால் பூனைகள் அப்படித்தான் ஒதுங்கிப் போகும் என்று மிருக வைத்தியர் சொன்னார். அந்தத் தகவலை நான் வீட்டில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டுப் போன் செய்கிறார்கள். அப்பா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். சண்டைகூடப் போடுவதில்லை. நாற்காலியைப் பின்கதவிலிருந்து எடுத்து டிவி பக்கம் போட்டுக்கொண்டார், ஆனால் டிவி பார்ப்பதில்லை. பூனை போய்விட்டதிலிருந்து மிசாய் கூச்சிங்கும் குடிப்பதில்லை. நான் ஒளித்து வைத்த பொட்டலத்தை எடுத்து அவர் கண்ணெதிரே மேசையில் வைத்துப் பார்த்தேன். தொடவில்லை.

இப்போது நான் காய்ச்சுகிறேன். அது ஆகாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. அந்த இலைமேல் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. பிழைக்க வேண்டும் என்ற ஆசையோடு அவர் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும், என்னைத் திட்டிக்கொண்டாவது குடிக்க வேண்டும். அதற்காக, விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, இலையைப் போட்டு, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் நிற்கிறேன்.

"குடிங்க டேடி. கொஞ்சம் மட்டும்."

"வெச்சிட்டுப் போம்மா," என்கிறார். வேலை முடிந்து வந்து பார்த்தால் கப் வைத்த இடத்திலேயே நிறைந்திருக்கிறது. கொட்டிக் கழுவிவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய இலையை எடுத்து வைக்கிறேன்.