பெரியவள் எழுதிய இன்சர்ட் வரி

அந்தக் கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்ட்டை ஒட்டிய சிறிய அறையில், பதினாறு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவள் அவள். கீழே கவுன்ட்டரில் நோயாளியின் பெயரைத் தட்டினால் டேட்டாபேஸில் போய் உட்கார்கிறதே, அது அவள் கைவேலை.

வீட்டில் அவள் மூத்த மருமகள். பெரியவள் என்றுதான் சொல்வார்கள். கணவனின் தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு சின்னவள் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதுவரை அவளை அளந்து பார்க்க வீட்டில் வேறு அளவுகோல் இருக்கவில்லை.

சின்னவள் வந்த முதல் மாதமே மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து ஒரு டப்பாவில் அடுக்கிவிட்டாள். மாமியார் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "சின்னவ கை பட்டா எதுவும் ஒழுங்காயிடுது!" அந்த மாத்திரைகளை இத்தனை வருஷமாகக் கால்கடுக்க நின்று வாங்கி வந்தவள் பெரியவள். வாங்கி வந்தவளுக்கு ஒன்றுமில்லை, டப்பாவில் போட்டவளுக்குப் பாராட்டு! பெற்ற மகளும் பாடத்தில் சந்தேகம் வந்தால் "சித்தி" என்று அடுத்த அறைக்கு ஓடினாள். பெரியவளுக்கு வயிறு எரியும். வாய் மட்டும் சிரிக்கும்.

போதாக்குறைக்கு, ஆறு மாதம் முன்பு சின்னவள் அதே மருத்துவமனையில், அதே அறையில், எதிர் மேஜையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அது தற்காலிக வேலைதான். அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அந்தத் திங்கட்கிழமை மேலாளர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கவுன்ட்டரிலிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரு புது நோயாளியும் ஏற மாட்டேங்குது. 'சேமிக்க முடியவில்லை'ன்னே வருது. வரிசை வாசலைத் தாண்டிடுச்சு. ஒரு பெரியவர், கண்ணு தெரியலன்னு வந்தா உங்க கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியலையான்னு கேக்கறாரு!"

மேலாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? நடுவுல கை வெச்சது யாரு?"

சின்னவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார். நோயாளி விவரம் ஏறுற டேபிள்ல இன்னொரு போன் நம்பருக்காக ஒரு புதுக் கட்டம், ஒரு ஃபீல்டு சேர்த்தேன். நான் எழுதின திரையில சோதிச்சுப் பார்த்தேன், சரியா ஏறுச்சு."

"உன் திரையில ஏறினா போதுமா? உனக்கு லெட்டர் வேற ரெடி பண்ணி வெச்சிருக்கேன். இப்படியிருந்தா எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

பெரியவளின் நெஞ்சில் குளிர்ந்த நீர் ஊற்றியது போலிருந்தது. கை பட்டால் ஒழுங்காகிவிடுமாம்! இன்று மாமியாரைக் கூட்டி வந்து இந்த வரிசையைக் காட்ட வேண்டும். சின்னவள் செய்த கோளாறை ஆதாரத்தோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளும் ஆசையில், தன் பழைய புரோகிராமைத் திறந்தாள். அதைத் திறக்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். 'சேமிக்க முடியவில்லை' என்ற பொத்தாம்பொதுவான வாக்கியத்துக்குப் பின்னால் அவளே என்றோ மறைத்து வைத்த உண்மையான எரரை வெளியே வரவழைத்தாள். 'டேபிளில் பன்னிரண்டு ஃபீல்டு. கொடுத்ததோ பதினொரு மதிப்பு.'

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

புது நோயாளியை டேபிளில் சேர்க்கும் இன்சர்ட் வரி கண்ணெதிரே இருந்தது. எந்த மதிப்பு எந்த ஃபீல்டுக்கு என்று பெயர் சொல்லாமல், பதினொன்றையும் வரிசையாகக் கொட்டியிருந்தாள். பெயர்களைச் சொல்லி எழுதியிருந்தால் பன்னிரண்டாவது வந்தாலும் இது அசைந்திருக்காது. சின்னவள் அப்படிப் பெயர் சொல்லி எழுதியதால்தான் அவள் திரை ஓடியது. முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரிந்த பாடம். மகள் கைக்குழந்தையாக இருந்த நாளில், வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் எழுதிய வரி.

அதுகூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சின்னவள் அனுப்பிய குறுஞ்செய்தி நினைவுக்கு வந்து அவளைச் சுட்டது. 'அக்கா, ஒரு ஃபீல்டு சேர்க்கறேன். உங்க புரோகிராம்ல ஃபீல்டு பேர் போடாத இன்சர்ட் எங்கயாவது இருக்கா?' என் வேலையிலா இவள் குற்றம் தேடுகிறாள் என்ற ஆங்காரத்தில், எதையும் திறந்து பார்க்காமலே பதில் தட்டியிருந்தாள்: 'இல்லை. சேர்த்துக்கோ.'

அந்தப் பதில் இப்போதும் சின்னவளின் போனில் இருக்கிறது. எடுத்து மேலாளரிடம் நீட்டினால் போதும், கதை தலைகீழ். ஏன் நீட்டவில்லை?

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவளின் கண்கள் நிறைந்திருந்தன. அவளும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"முதல்ல அந்த ஃபீல்டைத் தூக்கு. வேலை நடக்கட்டும். உன் லெட்டரை அப்புறம் பார்க்கலாம்," என்றார் மேலாளர்.

தூக்கிவிட்டால் பதினொன்றுக்குப் பதினொன்று சரியாகிவிடும். வரிசை நகரும். பெரியவளின் வரியை இந்த ஜென்மத்தில் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. சின்னவள் மௌஸைத் தொட்டாள்.

"தூக்காதே!"

தன் குரல்தானா என்று பெரியவளே திடுக்கிட்டாள்.

"சார், தப்பு என்னோடது. இந்த வரியை எழுதினது நான். இவ வெள்ளிக்கிழமையே கேட்டா. பார்க்காமலே இல்லைன்னு சொன்னேன்." சின்னவளின் பக்கம் கை காட்டினாள். "அவ லெட்டரை நிறுத்தாதீங்க."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினாறு வருஷ சர்வீஸ்ல இப்படியா மேடம்?" என்று மட்டும் கேட்டார். திட்டும்போதும் விடாத அந்த 'மேடம்' அடியைவிட வலித்தது.

பெரியவள் உட்கார்ந்தாள். அதே மாதிரி வரி இருந்த மூன்று இடங்களில் பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதல் முறை பிறந்த தேதியை விட்டுவிட்டாள். சின்னவள் பின்னால் நின்று மெல்ல, "அக்கா, நாலாவது," என்றாள். பத்தே நிமிஷத்தில் கவுன்ட்டரிலிருந்து போன்: "ஏறிடுச்சு மேடம்! அந்தப் பெரியவர்தான் முதல் ஆள்!"

மதியம் கடிதம் கையெழுத்தாகி வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"ஏன்க்கா சொன்னீங்க? சத்தியமா நான் அந்த மெசேஜைக் காட்டியிருக்க மாட்டேன்."

"தெரியும்டீ. அதனாலதான் சொன்னேன்," என்று பெரியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "காட்டாம என் தப்பைச் சுமந்திருந்தா அந்த நல்ல பேரையும் நீயே தட்டிட்டுப் போயிருப்பியே!"