புழுக் கத்தரிக்காய்

எங்கள் ஊரில் பயிருக்கு அடிக்கும் நஞ்சுக்குப் பெயர் மருந்து. அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாற்பதை நெருங்கும் வயது. இரண்டு தரம் கலைந்து மூன்றாவது தங்கியிருந்தது. இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்ற பயத்தில், இனி நஞ்சில்லாத மரக்கறிதான் என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாண நகரில் அதற்கென்றே ஒரு கடை இருந்தது. அங்கே ஒரு பிடி கீரையின் விலையைக் கேட்ட என் கணவர், கீரையைத் தொட்ட கையைக் கூடத் துடைக்காமல் வெளியே வந்துவிட்டார். ஆகவே சுன்னாகம் சந்தைக்குப் போனோம்.

"மருந்து அடிச்சதோ?" என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"அடிக்காமல் என்னம்மா? நல்ல மருந்து. ஒரு பூச்சி புழு காணமாட்டியள்" என்றார் அவர் பெருமையாக.

என் கணவருக்கு அங்கேதான் ஞானம் பிறந்தது. மருந்து அடித்தால் புழு இல்லை. ஆகவே புழு இருந்தால் மருந்து இல்லை. மனுசன் கணித ஆசிரியர், எதிர்த்துக் கதைக்க முடியுமா? அன்றிலிருந்து ஓட்டை விழுந்த கத்தரிக்காயாகத் தேடிப் பொறுக்கினார். வியாபாரி முதலில் பயந்துவிட்டார். மூன்றாம் கிழமை, மாஸ்டருக்கென்று கழித்துவிட்ட காய்களை ஒரு பனையோலைக் கடகத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தார். வீட்டில் நான் வெட்ட வெட்டப் புழு நெளியும். இவர் பக்கத்தில் நின்று, "பாத்தீரோ, உயிரோடை இருக்கு" என்று சந்தோஷப்படுவார். எனக்கு ஏற்கெனவே மசக்கை, எதைக் கண்டாலும் சத்தி வரும். முக்கால்வாசியை எறிந்துவிட்டு மிச்சத்தைக் கறி வைப்பேன்.

உரும்பிராயில் தோட்டம் செய்கிற என் அண்ணை ஒருநாள் வந்தார். குசினியில் கிடந்த காய்களைப் பார்த்து, "ஏன் உந்தக் குப்பையை வாங்கினனி?" என்றார். கணவர் விளக்கம் சொன்னார். அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான், உது காய்க்குள்ளை போற புழு. உள்ளுக்கை இருக்கிறதிலை மருந்து படாது. சாகேல்லை எண்டுதான் நாங்கள் திருப்பித் திருப்பி அடிக்கிறது. உதுக்குத்தான் எல்லாத்தையும் விடக் கூட அடிச்சிருக்கும்."

கணவர் கத்தியைக் கழுவப் போனார். அவருக்கு விழவேண்டிய ஏச்செல்லாம் அண்ணைக்குத் திரும்பியது.

"நாங்கள் எண்டால்? நீங்களும் அடிக்கிறனியளோ?"

"ஒரு ஓட்டையைக் கண்டாலும் சந்தையிலை திருப்பி அனுப்பிப்போடுவினம். அடிக்காமல் என்ன செய்யிறது?"

"அப்ப அண்ணியும் பிள்ளையளும் என்னத்தைச் சாப்பிடுகினம்?"

அண்ணை சிரிப்பை நிறுத்தினார். "கிணத்தடியிலை ரெண்டு பாத்தி தனியக் கிடக்கு. அது வீட்டுக்கு."

தோட்டக்காரன் வீட்டில் பிறந்தவள் நான். சந்தைக்கு வேறு, வீட்டுக்கு வேறு என்பது தெரிந்தே வளர்ந்தவள். அந்தப் பாத்தியில் பிஞ்சு பிடுங்கித் தின்றதை மறந்து, சந்தையெல்லாம் புழுத் தேடித் திரிந்திருக்கிறேன். என்னை என்ன சொல்லி ஏசுவது?

"கிழமைக்கு ஒருக்கா வந்து பிடுங்கிக்கொண்டு போ. காசு தந்தால் கோவிப்பன். குசினிக் குப்பையைக் கொண்டுவா, பாத்திக்கு உரமாப் போடலாம்" என்றார் அண்ணை. ஆகவே சனிக்கிழமைதோறும் கணவர் வாளி நிறையக் குப்பையோடு பஸ் ஏறினார். எவ்வளவு நெரிசலிலும் அவரைச் சுற்றி இடம் இருந்தது. திரும்பும்போது கீரையும் வெண்டிக்காயும் பயித்தங்காயும் கொண்டுவந்தார். நான் ஒன்பது மாதமும் வயிறாரச் சாப்பிட்டேன் என்று சொல்ல ஆசைதான். கடைசி ஐந்து மாதம் சாப்பிட்டேன்.

மகள் சுகமாகப் பிறந்தாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனோம். அண்ணை தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்து, இரண்டு தரம் சோப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் பிள்ளையை வாங்கினார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, சந்தையிலை வாங்கிறவையிலையும் பிள்ளைத்தாச்சியள் இருப்பினம்தானே?"

அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பினம். அவையின்ரை முகம் எனக்குத் தெரியாது, தங்கச்சி. தெரிஞ்சால் அடிக்கேலாது."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அண்ணி கொண்டுவந்த கீரைப் பையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.